ஒரு புள்ளியும் மூன்று கடைவாய்ப் பற்களும்

2006-ஆம் ஆண்டில் இரண்டு முறை புனே சென்று வந்தேன்: பிப்ரவரியில் பன்னிரண்டு நாள், ஜூலையில் இருபது நாள். இரண்டு பயணங்களின் நோக்கமும் ஒன்றே. என் கீழ்த்தாடையில் இல்லாமற்போன மூன்று கடைவாய்ப் பற்களுக்குப் பதிலாக, எலும்பில் சிறு உலோகத் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் நிலையான பற்களைப் பொருத்திக்கொள்வது. இதை இம்ப்ளான்ட் என்கிறார்கள். இதே நோக்கத்தோடு வெளியூர் செல்ல எண்ணுவோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். அரக்கோணத்தில் முப்பத்தோரு ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞன். எனவே இதில் உள்ளவை என் வாய்க்கு நேர்ந்தவை மட்டுமே. பிறர் வாய்க்கு இவை முன்தீர்ப்பு ஆகா.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000-க்கும் 2002-க்கும் இடையில் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று என்று மூன்று பற்களை எடுக்க நேர்ந்தது. கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று செய்து கொடுத்தார்கள். அது என்னிடம் இரண்டாண்டு வேலை பார்த்தது. பிறகு ஒருநாள், பாகப்பிரிவினை வழக்கொன்றில் எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது, "பத்திரம்" என்ற சொல்லை வேண்டிய அளவுக்கு மேல் அழுத்திச் சொல்லிவிட்டேன். பல்செட் வெளியே வந்து வழக்குக் கட்டின்மேல் விழுந்தது. நீதிபதி மூக்குக் கண்ணாடியைச் சற்றே இறக்கி அதைப் பார்த்தார்.

"வக்கீல் சார், இதையும் எக்ஸிபிட்டா மார்க் பண்ணணுமா?"

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நின்று, "ஆட்சேபணை இல்லைங்க ஐயா" என்றார்.

சாட்சி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு. அன்று மாலை பல்செட்டை மேசை இழுப்பறையில் வைத்தவன் பிறகு எடுக்கவில்லை.

ஆனால் என்னைப் புனேவுக்கு அனுப்பியது அந்தச் சிரிப்பு அன்று. என் மனைவி கமலா சுடும் தட்டை, எங்கள் உறவில் பெயர்பெற்றது. கடலைப்பருப்பு முழுசாகத் தெரியும். எள்ளும் பெருங்காயமும் தூக்கலாக இருக்கும். கடித்தால் அடுத்த அறையில் கேட்கும். எனக்குப் பற்கள் போன ஆண்டிலிருந்து அவள் தட்டை சுடுவதையே நிறுத்திவிட்டாள். "ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க, இன்னொருத்தர் நொறுக்கறது நல்லாவா இருக்கு?" என்பது அவள் தரப்பு. அவளுடைய பற்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கின்றன. என் வாய்க்கு விதிக்கப்பட்ட தடையாணை, வழக்கில் தரப்பினரே அல்லாத அவள் வாய்க்கும் நீட்டிக்கப்பட்டுவிட்டது. நான்கு தீபாவளிகளுக்கு எங்கள் வீட்டில் ரவா லட்டு மட்டுமே. இதை நீக்கக் கடமைப்பட்டவன் நான் என்று எனக்குத் தோன்றியது.

ஏன் புனே? எங்கள் மகள் சுமதி அங்கே ஒரு வங்கியில் வேலை செய்கிறாள், மாப்பிள்ளை ரவி மென்பொருள் துறை, வீடு சாங்வியில். சிகிச்சைக்குப் பின் சில நாள் குழைந்த உணவு கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும் அல்லவா? அது ஒரு காரணம். மற்றது, நான் நான்கு ஊர்களில் நான்கு பல் மருத்துவர்களுக்குப் பதினான்கு வினாக்கள் அடங்கிய கடிதம் எழுதினேன். இருவர் பதில் எழுதவில்லை. ஒருவர் "நேரில் வரவும்" என்றார். புனேயில் அவுந்த் பகுதியில் உள்ள டாக்டர் மேக்னா மட்டும் பதினான்குக்கும் எண்ணிட்டுப் பதில் அனுப்பினார். ஒன்பதாவது வினா: இது கட்டாயம் வெற்றி பெறுமா? அவர் பதில்: "தெரியாது. எலும்பைப் பார்த்தபின் ஓரளவு சொல்லலாம். திருகு வைத்து நான்கைந்து மாதம் கழித்தே உறுதியாகச் சொல்லலாம்." தெரியாது என்று எழுத்துமூலம் ஒப்புக்கொண்ட நிபுணரை நான் சாட்சிக்கூண்டில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அன்றே பயணச்சீட்டு எடுத்தேன்.

அரக்கோணத்திலிருந்து புனே ஏறத்தாழ 1,020 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பை செல்லும் வண்டி பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டது. மூன்றடுக்குக் குளிர்பதனப் பெட்டியில் ஒருவருக்கு 1,012 ரூபாய். மூத்தோர் சலுகைக்கு எனக்கு இன்னும் இரண்டாண்டு இருந்ததால் கோரவில்லை. ரேணிகுண்டா தாண்டியதும் இருபுறமும் செம்பாறைக் குன்றுகள். சன்னலோர இருக்கை கிடைத்தால் மாலை ஐந்து மணி வரை அந்தப் பக்கம் நன்றாக இருக்கும். கடப்பாவில் வேர்க்கடலை விற்பவர் ஏறினார். வறுத்த கடலை, சூடு ஆறாதது. கமலா அந்தக் கூடையை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வேணாம்பா" என்று அவரை அனுப்பிவிட்டாள். நான் தயிர்ச்சோற்றைக் கரைத்துக் குடித்தேன். மறுநாள் காலை 7.40-க்கு வரவேண்டிய புனே 8.10-க்கு வந்தது. நிலையத்திலிருந்து சாங்வி பன்னிரண்டு கிலோமீட்டர். மாப்பிள்ளையின் காரில் 35 நிமிடம்.

சுமதியின் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மாடிப்படியில் மராத்தி என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக்கொள்வாள். நான் வந்த காரணம் தெரிந்ததும், "தாத்தா, ஆ காட்டுங்க" என்று என் வாயை ஆய்வு செய்தாள்.

"அய்யோ, தாத்தாக்கு தாட் இல்ல!"

"தாட் என்றால்?"

"முன்னாடி இருக்கறது தாத். பின்னாடி பெரிசா இருக்கறது தாட். மராத்தி. சொல்லுங்க."

"தாட்."

"அப்டி இல்ல. நாக்க மடிக்கணும், காத்து வரணும்."

எனக்குக் காற்று வந்தது, சொல் வரவில்லை. ஆயினும் உள்ளூர்ச் சொல் ஒன்று கையில் இருப்பது நல்லது என்று, என் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்: கடைவாய்ப் பல் = தாட். எதையும் எழுதி வைத்துக்கொண்டால் தவறு நேராது என்பது என் தொழில் நம்பிக்கை. அந்த நம்பிக்கை மறுநாள் காலை 10.50 வரை நீடித்தது.

மறுநாள் 11 மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுமதியும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு யாழினியின் பள்ளி வண்டி வரும் என்பதால் கமலா வீட்டில் இருக்க வேண்டும். "தனியாப் போயிடுவீங்களா?" என்றாள். உயர் நீதிமன்றத்துக்கே தனியாகப் போகிறவன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சாங்வியிலிருந்து அவுந்த் மூன்றரை கிலோமீட்டர். புனே ஆட்டோக்களைப் பற்றி ஒரு குறிப்பு: மீட்டரில் காட்டும் தொகை வேறு, நாம் கொடுக்க வேண்டிய தொகை வேறு. ஓட்டுநரிடம் அச்சிட்ட கட்டண அட்டை ஒன்று இருக்கும். மீட்டர் எண்ணுக்கு நேரே உள்ள தொகையே சட்டப்படியான கட்டணம். அட்டையைக் கேட்டால் எவரும் கோபிப்பதில்லை. நான் அதை இருபுறமும் படித்து முடிப்பதற்குள் ஆற்றுப்பாலம் தாண்டிவிட்டது.

"அவுந்த்மதே குடே, காகா?" என்றார் ஓட்டுநர். அவுந்தில் எங்கே என்று கேட்கிறார். காகா என்பது சித்தப்பா போன்ற விளி. மருத்துவரின் முகவரிச் சீட்டைக் காட்டினேன். கட்டடத்தின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. நாட்குறிப்பைத் திறந்தேன். வண்டி குலுங்கிற்று; படிக்கும் கண்ணாடி பையில் இருந்தது. முதல்நாள் அவசரத்தில் வைத்த புள்ளி சற்றே இழுபட்டு வளைந்திருந்தது. ட்-இன் தலையில் இருந்த புள்ளி, டி-இன் கொக்கியாக என் கண்ணுக்குத் தெரிந்தது. கன்னத்தில் கையை வைத்துக் காட்டி, தெளிவாகச் சொன்னேன்:

"தாடி. டாக்டர். தாடி."

அவர் திரும்பி, ஒன்றரை நாளாக மழிக்கப்படாத என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். "தாடிக்கெல்லாமா டாக்டர்?" என்பது அதன் பொருள் என்று பிறகு அறிந்தேன். இரண்டு திருப்பங்கள் கடந்து ஒரு கடை வாசலில் நிறுத்தினார். அட்டைப்படி 28 ரூபாய். ரசீது தருவதில்லை.

கடையின் பெயர் தேவநாகரியில் இருந்தது. எனக்கு அந்த எழுத்து தெரியாது. உள்ளே சுழல் நாற்காலி, பெரிய கண்ணாடி, வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர், அலமாரி நிறையக் குப்பிகள். பெஞ்சில் காத்திருந்த இருவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தனர்; பாவம், வலிபோலும் என்று எண்ணினேன். வெள்ளை அங்கிக்காரர் என்னை அமரச் சொல்லிக் கழுத்தைச் சுற்றித் துணி விரித்தார். முகத்தில் நீர் தெளித்தார். சிகிச்சைக்கு முன் வெளிப்புறத்தையும் தூய்மை செய்கிறார்கள், முறையான இடந்தான் என்று திருப்தியுற்று, கண்ணை மூடி வாயை அகலத் திறந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், நுரை தோய்ந்த தூரிகையோடு அவர் அப்படியே நிற்கிறார்.

"தோண்ட் பந்த் கரா, காகா" என்றார் மிகுந்த பொறுமையுடன். வாயை மூடச் சொல்கிறார் என்று சைகையில் விளங்கியது. நான் விரலால் பல் இல்லாத இடத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அந்தக் கணத்தில் எங்கள் இருவருக்கும் வழக்கு முழுதும் புரிந்துவிட்டது.

"தாட்!" என்று கத்தினார். "தாடி நாஹி, தாட்!"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்ததால் நிலைமையை விளக்கினார்: தாட் என்றால் கடைவாய்ப் பல், தாடி என்றால் உங்கள் ஊரில் என்னவோ அதேதான். நான் நாட்குறிப்பைக் காட்டி, எங்கள் மொழியில் இரண்டுக்கும் இடையே ஒரு புள்ளி அளவே தூரம் என்று என் தரப்பை எடுத்துரைத்தேன். சலூன்காரர் விலாஸ் அதை மொழிபெயர்க்கக் கேட்டுவிட்டு, தம் வாயைத் திறந்து மேல் வரிசையில் ஓர் ஓட்டையைக் காட்டினார். அவருக்கும் ஒரு தாட் இல்லை. என் முகவரிச் சீட்டைப் பார்த்து, டாக்டரம்மாவின் மருத்துவமனை இதே சாலையில் ஏழாவது கட்டடம் என்றார். பிறகு, வந்ததுதான் வந்தீர்கள் என்று முகத்தையும் மழித்துவிட்டார். பதினைந்து ரூபாய். புறப்படும்போது மொழிபெயர்ப்பாளர் வழியே ஒரு நிபந்தனை விதித்தார்: "பல் வெச்சதும் இங்க வந்து காட்டணும்."

11.20-க்கு மருத்துவர் முன் இருந்தேன். தாமதத்துக்கான காரணத்தைச் சொன்னேன். டாக்டர் மேக்னாவுக்கு நாற்பது வயதிருக்கும், ஆங்கிலத்தில் பேசினோம். "எல்லாரும் பல் விளக்கிட்டு வருவாங்க. எனக்காக ஷேவ் பண்ணிட்டு வந்தவர் நீங்கதான் முதல்ல" என்றார்.

இரண்டு பக்க ஒப்புதல் படிவத்தை நாற்பது நிமிடம் படித்தேன். ஐந்தாம் பத்தியில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது; எட்டாம் பத்தியில், "இதற்கு உட்பட்டு" என்று ஒரு வரம்புரை சேர்க்கலாம் என்று பட்டது. அவர் எல்லாவற்றுக்கும் இசைந்து சுருக்கொப்பமிட்டார். பிறகு சொன்னார்: "நானும் கையெழுத்து போட்டாச்சு, நீங்களும் போட்டாச்சு. எலும்பு மட்டும் போடல, சார். அது நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான் போடும்."

எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். வலப்பக்கம் இரண்டிலும் ஐயமில்லை. இடப்பக்கம் எலும்பு மெலிந்திருக்கிறது. வைக்கலாம், ஆனால் பிடிக்குமா என்பது திருகும் எலும்பும் தங்களுக்குள் முடிவு செய்ய வேண்டியது. பிடிக்காவிட்டால் எடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கத்துக்கு மறுபடியும் பல்செட்தான்.

"வலப்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு தட்டை சாப்பிட முடியுமா?" என்று கேட்டேன்.

"தட்டைன்னா?"

மேசையில் விரலால் வட்டம் வரைந்தேன், கடலைப்பருப்பைப் புள்ளியிட்டேன்.

"எங்க சக்லி மாதிரியா?" சக்லி என்பது அவர்கள் ஊர் முறுக்கு.

"சக்லியைவிடக் கெட்டி. என் மனைவி சுடுவது."

அவர் எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தார். "அப்படின்னா ரெண்டு பக்கமும் வேணும். ஒரே பக்கம் எல்லா பாரமும் விழுந்தா அதுவும் கெடும். இடது பிடிக்கலேன்னா தட்டைய மறந்துடுங்க."

ஆக, மொத்த வழக்கும் இடப்பக்கத் திருகு ஒன்றின்மேல் வந்து நின்றது. வீட்டில் கமலாவிடம் தட்டை பற்றிய பகுதியை மட்டும் சொல்லவில்லை. "பிடிச்சிடும்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். "பிடிக்காது என்று சொல்லவில்லை" என்றேன். அது உண்மை, முழு உண்மை அன்று.

இரத்தப் பரிசோதனைகள் முடிந்து நான்காம் நாள் சிகிச்சை. காலை 10.15-க்குத் தொடங்கி 12.05-க்கு முடிந்தது. மரத்துப்போகும் ஊசி மட்டுமே, வலி இல்லை. தலைக்குள் ஆழ்துளைக் கிணறு தோண்டுவது போன்ற அதிர்வு இருக்கும், அதை எதிர்பார்த்துப் போங்கள். இரண்டு நாள் கன்னம் வீங்கியிருந்தது. குளிர்ந்ததாக ஏதாவது சாப்பிடலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததை யாழினிக்குப் படித்துக் காட்டினார்கள். அன்று முதல் அவளும் நோயாளியானாள். புனேயில் மஸ்தானி என்று ஒன்று கிடைக்கிறது: கெட்டியான பால், அதன்மேல் ஐஸ்கிரீம் கட்டி. குழலால் உறிஞ்சக் கூடாது, தையலுக்கு ஆகாது. கரண்டியால் உண்ண வேண்டும். வீங்கிய கன்னத்தோடு நானும் வீங்காத கன்னத்தோடு அவளும் நான்கு மாலைகள் அதை உண்டோம். பல் சிகிச்சைக் காலத்தில் எடை கூடியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பதினோராம் நாள் தையல் பிரித்தார்கள். மறுநாள் ஊர் திரும்பினோம்.

அதன்பின் தீர்ப்பு ஒத்திவைப்பு. மார்ச் முதல் ஜூன் வரை மாதம் ஒருமுறை சர்க்கரை அளவு பார்த்தேன். சர்க்கரை கூடினால் எலும்பு பிடிப்பது தாமதமாகும் என்பது ஆறாவது வினாவுக்கான பதில். காப்பிக்குச் சர்க்கரை நிறுத்தினேன். நடைப்பயிற்சி ஐந்து கிலோமீட்டராயிற்று. நாக்கு மட்டும் வாதிகளைப்போல அடிக்கடி இடப்பக்கம் போய் நின்று, ஏதாவது தெரிந்ததா என்று பார்த்துவிட்டு வந்தது.

ஜூலை பயணத்தில் கமலாவின் பெட்டி வழக்கத்தைவிடக் கனத்தது. "இதில் என்ன?" என்றேன். "பழைய புடவைங்க. சுமதி கேட்டா." வண்டி குண்டக்கல்லில் நின்றபோது இருக்கைக்கு அடியிலிருந்து மெல்லிய பெருங்காய வாசனை வந்தது. பெருங்காயம் மணக்கும் புடவையை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. ஆயினும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. இடப்பக்கத்தை நினைத்து அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. சோலாப்பூர் தாண்டியதிலிருந்து மழை. தௌண்டில் வண்டி நின்று நின்று, புனே சேர 2 மணி 20 நிமிடம் தாமதம். ஜூலையில் செல்பவர்கள் வந்து சேரும் நாளன்றே மருத்துவ நேரம் வாங்க வேண்டாம்.

கதவைத் திறந்த யாழினிக்கு முன்பற்கள் இரண்டும் இல்லை.

"தாத்தா, என் தாத் போச்சு! உங்க தாட் வந்துச்சா?"

"வழக்கு நிலுவையில் இருக்கிறது" என்றேன்.

மறுநாள் வேண்டுமென்றே முதலில் சலூனுக்குப் போனேன். "தாட்வாலே காகா!" என்று விலாஸ் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். வாயைத் திறந்து, இன்னும் இல்லை என்று கையை விரித்தேன். கன்னத்தை வழவழப்பாக்கி அனுப்பிவைத்தார்.

இனி நடந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் ஈறைச் சிறிது திறந்து, மூன்று திருகுகளின் தலையையும் வெளிப்படுத்தினார். கையில் ஓர் உலோகக் கருவி. அதன் கைப்பிடியால் திருகைத் தட்டிப் பார்ப்பாராம். "எலும்பு பிடிச்சிருந்தா மணி மாதிரி கேக்கும். பிடிக்கலேன்னா மரத்தத் தட்டின மாதிரி மந்தமா இருக்கும். உங்களுக்கே கேக்கும்."

வலப்பக்கம் முதல் திருகு: கணீர். இரண்டாவது: கணீர். இடப்பக்கம் கொண்டுபோனார். தட்டினார். தொப்.

நாற்காலியின் கைப்பிடியை நான் பற்றிய விதத்தைப் பார்த்து உதவியாளர் அருகில் வந்துவிட்டார். மருத்துவர் குனிந்து, "இல்ல இல்ல, ஈறுல பட்டுடுச்சு" என்று பஞ்சால் ஒற்றிவிட்டு மறுபடி தட்டினார்.

கணீர்.

அந்த ஓசை காதால் கேட்டதன்று. தாடை எலும்பு வழியாக உள்ளிருந்து வந்தது. ஒரு விரலை உயர்த்தி, இன்னொரு முறை என்று சைகை காட்டினேன். "எதுக்கு?" என்றார். வாயில் பஞ்சு இருந்ததால், "பதிவுக்காக" என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே மீண்டும் தட்டினார். கணீர். "எலும்பு கையெழுத்து போட்டுடுச்சு, சார்."

ஈறு ஆறியபின் பன்னிரண்டாம் நாள் அளவெடுத்தார்கள். பதினெட்டாம் நாள் பற்களைப் பொருத்தினார்கள். புதிய பற்கள் முதலில் ஒன்றுக்கொன்று முட்டுவதுபோல் இருக்கும். உயரத்தைச் சற்றே தேய்த்துச் சரிசெய்வார்கள். தட்டை எப்போது என்று கேட்டேன். "சில நாள் மெதுவான சாப்பாடு. ரொம்ப ஆசைன்னா நாளைக்கு சின்னதா ஒண்ணு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி" என்றார். எழுத்துமூலம் கேட்டேன். மருந்துச் சீட்டில் வலிமாத்திரைக்குக் கீழே எழுதிக் கொடுத்தார்: தட்டை, சிறியது, ஒன்று. அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. வழியில் சலூனில் நிபந்தனையையும் நிறைவேற்றினேன். விலாஸ் கண்ணாடி விளக்கைத் திருப்பி மூன்றையும் பார்த்தார். அன்றைய சவரத்துக்குக் காசு வாங்க மறுத்தார்; மருத்துவரின் முகவரிச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. கடக்வாஸ்லா அணைக்கட்டுக்குப் போனோம். சாங்வியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர், காரில் 55 நிமிடம். மழைக்காலத்தில் நீர் கரைவரை நிற்கும். கரை நெடுகக் கரியடுப்பில் மக்காச்சோளம் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தருகிறார்கள். மழை வலுத்ததால் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். முன்பல் இல்லாத யாழினிக்குக் கதிரைக் கடிக்க முடியவில்லை. சுமதி மணிகளை உதிர்த்துக் கொடுத்தாள். அப்போது கமலா பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து மடியில் வைத்தாள்.

"பழைய புடவையா?" என்றேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"குண்டக்கல்லிலேயே."

"கேக்கவே இல்லியே?"

"தீர்ப்பு வரவில்லையே. ஆமாம், பிடிக்காமல் போயிருந்தால் இதை என்ன செய்திருப்பாய்?"

"சுமதிக்குன்னு வெச்சிட்டு வந்திருப்பேன். உங்க கண்ணுல காட்டியே இருக்க மாட்டேன்."

சிறியதாகப் பார்த்து ஒன்றைக் கொடுத்தாள். வலப்பக்கம் வைத்துக் கடித்தேன். மூடிய காருக்குள் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இடப்பக்கம் மாற்றிக் கடித்தேன். அங்கும் அதே சத்தம். எள், பெருங்காயம், இடுக்கில் ஒரு கடலைப்பருப்பு. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் எடு" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க மொதல்ல."

"கமலா, தடையாணை நீக்கப்பட்டது."

பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். நான்கு ஆண்டு நிலுவையையும் ஒரே கடியில் தீர்ப்பவள்போலக் கடித்தாள். "கொஞ்சம் உப்பு கம்மி" என்றாள். யாழினி ஒன்றை வாங்கி, முன்னால் வைத்துப் பார்த்து, பிறகு வாயின் ஓரத்துக்குத் தள்ளினாள். "நான் தாட்ல கடிக்கறேன், தாத்தா, உங்கள மாதிரி!" மாப்பிள்ளை பின்னால் திரும்பி, "மழைச் சத்தமே கேக்கலியே மாமா" என்றார்.

செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். நான் சென்ற இடத்தில் ஒரு பல்லுக்கு, திருகும் மேற்பல்லும் சேர்த்து, 22,000 ரூபாய் ஆயிற்று. எக்ஸ்ரேயும் பரிசோதனைகளும் தனி. உங்களுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பயணங்களுக்குக் குறைவாக முடியும் என்று எவரேனும் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் முதல் பயணத்துக்கு முன்பே அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். வினாக்களை எண்ணிட்டு எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் "ஆம்" என்கிற மருத்துவரைவிட, ஒன்றுக்காவது "தெரியாது" என்கிறவர் மேல் என்பது என் கருத்து. சாங்வி, அவுந்த் பகுதிகளில் ஆங்கிலம் போதும். ஆனால் மராத்திச் சொற்களைத் தமிழில் குறித்துக்கொள்பவர்கள் புள்ளியைப் புள்ளியாகவே வையுங்கள். தவறினாலும் முகம் மட்டுமே மழிக்கப்படும். அதனால் நல்லதும் விளையலாம்.

இருபதாம் நாள் மாலை புனேயில் வண்டி ஏறினோம். டப்பாவை சுமதி வீட்டிலேயே காலி செய்துவிட்டிருந்தார்கள். மறுநாள் காலை 9.15-க்குக் கடப்பா. அதே வேர்க்கடலைக் கூடை, வேறொருவர் தலையில். நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். கமலா சன்னல் பக்கமிருந்து எட்டி அவரை அழைத்தாள்.

"ஏம்பா, சூடா இருக்கா? ரெண்டு பொட்டலம் குடு."